பஸ்லானின் புது அடி

கொத்து ரொட்டி கொத்தும் தகடு இரண்டையும் கல்லில் அடித்தபடியே பஸ்லான் வாயைப் பிளந்து நின்றான். கரடியனாறு பஸ்ஸுக்குக் காத்திருந்த நாகரெத்தினம், பாதிக் கொத்தை விட்டுவிட்டு எழுந்து ஆடிக்கொண்டிருந்தார். ஊர்க் கோயிலில் தெய்வமாடுகிறவர் அவர். அவர் மனைவி அன்னப்பூரணி மட்டும் நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்த அடியால் வந்த வினை. செங்கலடிச் சந்திக் கடையில் வருடக்கணக்கில் ஒரே ‘டக்கு டக்கு’ அடித்துப் பஸ்லானுக்குச் சலித்துவிட்டது. சம்பளத்துக்குக் கொத்தினோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதானே? அவனுக்குள் ஒரு கலைஞன் புகுந்துகொண்டான். கோயில் சடங்கில் கேட்ட உடுக்கு அடியை இன்று தகட்டில் போட்டுப் பார்த்தான்.

"என்னடா செஞ்ச?" முதலாளி நௌஷாட் ஓடிவந்தார். "இனி ஒரு புதினம் காட்டினா வேலை இல்ல எண்டு சொன்னனா இல்லயா? நிப்பாட்டுடா!"

நிறுத்தினான்.

"அடி!" என்று நாகரெத்தினம் போட்ட அதட்டலில் தேநீர்க் கோப்பைகள் குலுங்கின.

"அடிச்சுத் துலைடா!" என்றார் முதலாளி.

பயத்தில் வேகமாக அடித்தான். அவர் மேசைமேல் ஏறிவிட்டார்.

"பழைய அடியப் போடுடா!"

போட்டான். சாமிக்குக் கோபம் வந்து, அவர் உட்கார்ந்திருந்த கதிரை பறந்தது. "வேப்பிலை!" என்று கேட்டது சாமி. முதலாளி குசினிக்குள் ஓடி, கிடைத்த கறிவேப்பிலையை அள்ளிக் கொடுத்தார். சாமி அதையும் வாங்கிக்கொண்டு ஆடியது.

இதற்குள் பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பிக் கடைக்குள் நிறைந்துவிட்டது.

சாமி பஸ்லானைக் காட்டியது. "இந்தப் பிள்ளைய வேலையால நிப்பாட்டினா இந்தக் கடை விளங்காது!"

முதலாளிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கைகூப்பி நின்றவர்கள் அத்தனைபேரும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

"நிப்பாட்டல்ல, நிப்பாட்டல்ல! அவன் விரும்பினத அடிக்கட்டும்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

சாமி மலையேறியது.

வேலை தப்பியதில் பஸ்லானுக்குக் கண் கலங்கிவிட்டது. கை கழுவ வந்த அன்னப்பூரணியிடம், "மன்னிச்சிடுங்கம்மா, ஐயாவுக்கு இப்பிடி உரு வரும் எண்டு தெரியாமப் போச்சு. சத்தியமா இனி அடிக்க மாட்டன்," என்றான்.

"உருவும் இல்ல, ஒண்டும் இல்ல தம்பி. கோயில்ல ஒரே அடிக்கு ஆடி ஆடி மனிசனுக்கு அலுத்துப் போச்சு. நாளைக்கு வேற அடி ஏதும் இருக்கா எண்டு கேட்டு வரச் சொன்னவர்."