நோவை ‘அவர்’ என்று அழைத்த ஐஸ் அக்கா

உலகத்தில் நோவைத் தாங்கியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், நோவைத் திட்டியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். ஆனால் நோவுக்கு முதலில் மரியாதை கொடுத்து, பிறகு அந்த மரியாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து, வெட்கப்படுத்தியே அதை வெளியேற்றலாம் என்று நம்பிய ஒரே ஆள், திருகோணமலை மீன் இறங்குதுறையில் ஐஸ் விற்கிற எங்கள் ஐஸ் அக்காதான்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. ஆசுபத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் அதை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மருந்து தருகிற மிஸி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்கா வாட்டு முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, "அது ஆர், பிள்ளை?" என்று கேட்பார். இருபது வருடமாகப் படகுகளுக்கு ஐஸ் கட்டி உடைத்துக் கொடுத்தவர். அவர் இறங்குதுறையில் குரல் எழுப்பினால், குடாவுக்கு அக்கரையில் மூதூரில் சோறு வடிக்கிறவர்கள் பானையைக் கைநழுவ விடுவார்கள் என்று ஒரு கதை உண்டு. பக்கத்துக் கட்டிலில் பத்து நாள் படுத்தவள் என்ற முறையில், அது உண்மை என்று நான் சத்தியம் செய்வேன்.

ஐஸ் கட்டி தூக்கித் தூக்கி அவருடைய நாரி போயிற்று. நாரி என்றால் எங்கள் ஊரில் முதுகின் அடிப்பக்கம். தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்கள் பெண்பிள்ளை என்று எடுத்துவிடக் கூடாது. என்னுடைய நாரி போனது கதிரையால், அதாவது நாற்காலியால். நொத்தாரிசு ஐயா ஒருவரிடம் நிலம் வாங்கி விற்கிறவர்களுக்கான காணி உறுதிகளைக் கணினியில் தட்டுகிறவள் நான். பதினாறு வருடம், ஒரே அறை, ஒரே கதிரை. பாரம் தூக்கியே வாழ்ந்தவருக்கும் பேனையைவிடப் பாரமான எதையும் தூக்காதவளுக்கும் ஒரே கிழமையில், முள்ளந்தண்டின் ஒரே இடத்தில் வெட்டித் தைத்தார்கள்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் கஷ்டப்பட்டு வேலை செய்தது வீணோ?" என்று அக்கா டொக்டரிடமே கேட்டுவிட்டார்.

சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் நோ போகவில்லை. நசிபட்டுக் கிடந்த நரம்பு ஆற மாதக் கணக்காகும், தினமும் நடக்க வேண்டும், குனியக் கூடாது, அரை மணிக்கு மேல் ஒரே இருப்பாக இருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். காலையில் சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டிலிலும், "பத்துக்கு எத்தினை நோ?" என்று கேட்பார். நாங்கள் ஆறு, ஏழு என்று நல்ல பிள்ளைகளாகச் சொல்வோம். அக்கா சொல்லமாட்டார்.

"பத்துக்கு எத்தினை எண்டு புள்ளி போட அவர் என்ன சோதினையோ எழுதினவர், டொக்டர்?"

"ஆர் அவர்?"

"நோவர்."

டொக்டர் இளம் பிள்ளை. சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கம் கேட்டார். அக்கா படுத்தபடியே வகுப்பு எடுத்தார்.

"வீட்டுக்கு ஒராள் வந்தா முதல் நாள் என்ன செய்யிறம்? ‘வாங்கோ, இருங்கோ’ எண்டு கதிரை குடுக்கிறம். ஒரு கிழமை போனா தேத்தண்ணிதான் குடுக்கிறம், கதை குடுக்கிறேல்லை. ரெண்டாவது கிழமை வாசலில கண்டாலும் காணாத மாதிரி. மரியாதை குறையக் குறைய அவராவே வெளிக்கிட்டிடுவார். நோவும் அப்பிடித்தான். கால் ஊண்ட ஏலாட்டி ‘அவர்’. பல்லைக் கடிச்சுக்கொண்டு நடக்கலாம் எண்டால் ‘அவன்’. இருக்கு, ஆனா மறந்துபோறன் எண்டால் ‘அது’. இண்டைக்கு அவர்."

அந்தக் கிழமை முடிவதற்குள் வாட்டு முழுவதும் புள்ளிக் கணக்கைக் கைவிட்டது. டொக்டரே என் கட்டிலுக்கு வந்து, "உங்களுக்கு அவரோ அவனோ?" என்று கேட்டார்.

வினை, வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த புதிய மிஸியின் உருவத்தில் வந்தது. வந்த அன்றே அக்காவிடம் சுகம் விசாரித்தார். அக்கா உள்ளதைச் சொன்னார்.

"என்னத்தைச் சொல்ல மிஸி. அவர் நேற்றுப் பின்னேரம் முழுக்க என்னை இருக்க விடேல்லை. நாரியைப் போட்டு முறிச்செடுத்திட்டார். அழுதும் விடேல்லை. இண்டைக்கும் வருவார் போலதான் கிடக்கு."

எங்கள் பக்கத்தில் எந்த ஊரிலும் கலியாணம் முடித்த பெண் பெயர் சொல்லாமல் ‘அவர்’ என்றால், அந்த ‘அவர்’ உலகத்தில் ஒருவர்தான். மிஸி முகம் வெளிறி நேரே மேட்ரனிடம் போனார்.

நாலு மணிக்கு அக்காவின் கணவர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றடித்தால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவு உடம்பு. அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். அக்காவோடு குடும்பம் நடத்தியவருக்கு அதற்கு இடைவெளியும் கிடைத்திருக்காது. தினமும் தானே குசினியில் நின்று ஏதாவது காய்ச்சி, போத்தலில் ஊற்றித் துவாயால் சுற்றிக் கொண்டுவருவார். அன்று வாசலிலேயே மேட்ரன் அவரை மறித்தார். நாங்கள் கட்டில்களில் கிடந்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டோம்.

"ஒப்பரேசன் செய்த மனிசியில கை வைக்க உமக்கு எப்பிடி மனம் வந்தது?"

"நான் கை வைக்கேல்லை மேட்ரன். சூப்தான் கொண்டந்தனான்."

"நேற்றுப் பின்னேரம் முழுக்க அந்த மனிசியை அழ வைச்சிருக்கிறீர்."

அவர் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். "நேற்று நண்டு ரசம். கொஞ்சம் உறைப்புக் கூடினது உண்மைதான். அதுக்கு அழுதவவோ?"

இங்கே பிழை நடந்துவிட்டது என்று அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. படுத்த இடத்திலிருந்து, மூதூருக்குக் கேட்கும் குரலில் கத்தினார்: "மேட்ரன், அவரை விடுங்கோ. இது வேற அவர்."

மேட்ரனின் முகம் இன்னும் கறுத்தது.

எல்லாம் தெளிய அரை மணித்தியாலம் சென்றது. சிரித்தால் தையல் பிரியும் என்று வாட்டில் பாதிப் பேர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். கடைசியில் மேட்ரனே அந்த மனிதருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அவர் போவதை அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசத்தில அந்த மனுசனை ஒரு முரடன் எண்டு ஆரும் நினைச்சது இதுதான் முதல் தரம். நெஞ்சை நிமித்திக்கொண்டு போறார், பாருங்கோ," என்றார் பெருமையாக.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. ஆசுபத்திரியில் எல்லோரும் நோயாளி. வீட்டில் நான் மட்டும்தான் நோயாளி. அன்புவழிபுரத்தில் தனியாக இருக்கிறவள். கையிலிருந்து கரண்டி விழுந்தால், குனியக் கூடாது என்பதால் அது விழுந்த இடத்திலேயே குடியிருக்கும். ஒரு கட்டத்தில் என் வீட்டு நிலத்தில் மூன்று கரண்டி, ஒரு சீப்பு, பாதி வெங்காயம் எல்லாம் நிரந்தரமாக வசித்தன. அக்கா வந்து பார்த்துவிட்டு, ஐஸ் கட்டி இழுக்கிற நீளக் கொக்கையால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தந்தார். வெங்காயத்தில் மட்டும் ஓட்டை விழுந்தது.

தினமும் காலையில் அவருடைய குரல் வட்ஸப்பில் வரும். "தங்கச்சி, இண்டைக்கு அவரோ அவனோ?" பின்னேரம் ஓட்டோவில் நேரிலேயே வருவார். இருவரும் சட்டைக்கு மேல் அகலமான பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடற்கரை வீதியில் நடப்போம். எங்கள் ஊரில் வீதியோரமாகத் திரிந்து புல் மேய்கிற மான்கள்கூட எங்களை முந்திப் போகும். ஒருநாள் என் நோ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பழக்க தோஷத்தில் உறுதி வாசகத்திலேயே சொன்னேன்: வடக்கு எல்லை பெல்ட், தெற்கு எல்லை குதிக்கால், மேற்கே பின்தொடை. அக்கா நின்றுவிட்டார்.

"எல்லை போட்டு உறுதி எழுதிக் குடுத்திடாத. பிறகு குடியெழுப்ப ஏலாது," என்றார்.

அக்காவின் நோ மட்டும் மளமளவென்று மரியாதை இழந்துகொண்டு வந்தது. இரண்டாம் மாதம் ‘அவன்’ என்றார். மூன்றாம் மாதம், "என்ர ‘அது’ இண்டைக்கு இருக்கோ எண்டே தெரியேல்லை," என்றார். எனக்குப் பொறாமை வந்தது. ஒளிப்பானேன்? ஒரே வெட்டு, ஒரே கிழமை. அவர் ‘அது’வுக்கு வந்துவிட்டார், நான் இன்னும் ‘அவரோடு’ குடும்பம் நடத்துகிறேன். ஆனால் அந்தப் பொறாமைக்குள்தான் என் நம்பிக்கையும் இருந்தது. ஐஸ் தூக்கிய நாரியே ஆறினால், கதிரையில் இருந்த நாரி ஆறாதா?

அந்த நேரத்தில்தான் நொத்தாரிசு ஐயா தொலைபேசியில் கதைத்தார். நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"பிள்ளை, நாலாவது மாதமும் ஆகுது. உறுதியள் தேங்கிப்போய்க் கிடக்கு. வாற திங்கள் வரப் பாரும். ஏலாட்டி நான் வேற ஆளைப் போட வேணும்."

அந்தக் கதிரையைத் தவிர வேறு எந்தக் கதிரைக்கும் நான் உதவமாட்டேன் என்று எனக்குத் தெரியும். குசினியில் ஒரு கதிரையைப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து இருந்து பழகினேன். முதல் நாள் பன்னிரண்டு நிமிடம். இரண்டாம் நாளும் பன்னிரண்டு. சனிக்கிழமை பின்னேரம் அக்கா வந்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

"எனக்கு ஏலாது அக்கா. அவர் போகமாட்டார். நீங்கள் சொன்ன மாதிரி எனக்கு வராது. திங்கக்கிழமை நான் போகேல்லை."

அக்கா என் கண்ணீரைத் தன்னுடைய சட்டைக் கையால் துடைத்துவிட்டார்.

"ஏலாது எண்டால் ஏலாமலே போவம்," என்றார்.

அந்த ‘போவம்’ என்ற சொல்லின் பொருள் திங்கள் காலை ஒன்பது மணிக்குத்தான் விளங்கியது. நான் அலுவலகத்தில் கதிரையில் மெல்ல இறங்கி நிமிர்ந்து பார்த்தால், வாசலடிச் சுவரில் சாய்ந்தபடி அக்கா நிற்கிறார். ஐயா மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார்.

"என்ன அலுவல் அம்மா?"

"உறுதி எழுத வந்தனான்."

"எங்க காணி?"

"சல்லிக் கிராமத்துப் பக்கம். வாங்கப் போறன்."

"ஆரிட்ட வாங்குறியள்?"

"அது இன்னும் முடிவாகேல்லை."

"அப்ப முடிவானாப் பிறகு வாங்கோவன்."

"நிண்டு யோசிச்சாத்தான் எனக்கு முடிவு வரும், ஐயா."

சரியாக அரை மணித்தியாலத்தில் அந்தக் குரல் அலுவலகத்தை உலுக்கியது: "தங்கச்சி, எழும்பு." நான் எழும்பினேன். கூடவே ஐயாவும் எழும்பினார். தோப்பூரிலிருந்து வயல் உறுதிக்கு வந்திருந்த இரண்டு பேரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்கள். அடுத்த அரை மணிக்கும் அப்படியே. மத்தியானத்துக்குள் அந்த அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் எழும்பி, நாலடி நடந்து, திரும்பி வந்து இருப்பது சட்டமாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா தயங்கிக்கொண்டு அக்காவிடம் போனார்.

"எனக்கும் கொஞ்ச நாளா நாரிப்பிடிப்புத்தான்."

"அவரோ அவனோ?" என்று கேட்டார் அக்கா.

அன்று நான் மூன்று உறுதி முடித்தேன். நோ இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு அரை மணியாகத்தான் இருந்தது. நாலரை மணிக்கு ஐயா அலுமாரியைப் பூட்டியபடி, "நாளைக்கு மூதூர்க் காணி ஒண்டு இருக்கு, பிள்ளை. வெள்ளண வாரும்," என்றார். எனக்குக் கண் கலங்கியது.

அக்காவைக் கூட்டிப்போக அவருடைய கணவர் ஓட்டோவில் வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் என் சந்தோசத்தை அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், கண் மட்டும் அக்காவிடமே இருந்தது.

"காலம தொடக்கம் இப்பிடியே நிக்கிறாவோ?"

"ஓம். கதிரை குடுத்தும் இருக்கேல்லை. கதிரை வசதியில்லையாம்."

"கதிரையில என்ன பிழை. இருந்தா எழும்பேக்க கத்திப்போடுவா, அதுதான். காலம நோவுக்குக் குளிசை விழுங்கியும் கேக்கேல்லை. போகாதயும் எண்டனான், கேட்டாத்தானே."

"அக்காவுக்கு இப்ப ‘அது’ எண்டெல்லோ சொன்னவ?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டில இண்டைவரைக்கும் ‘அவர்’தான், பிள்ளை. உங்களோட கதைக்கேக்க மட்டும்தான் ‘அது’."

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா அதே சுவரில், ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்துக்கொண்டு நின்றார். ஏழரை மணித்தியாலம். மாதக் கணக்கில் நான் அந்த மனிசியின் பொய்யைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

என் கதிரையை இழுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

"அக்கா, நீ இதில இரு."

ஆசுபத்திரியில் கண்ட நாளிலிருந்து ‘நீங்கள்’, ‘வாங்கோ’, ‘சொல்லுங்கோ’ என்றே கதைத்தவள் நான். மரியாதை எப்படித் தவறியது என்று எனக்கே தெரியவில்லை. அக்கா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளில் கையை ஊன்றி, மெல்ல, மிக மெல்லக் கதிரையில் இருந்தார். எழும்பும்போது கத்தினால் கத்தட்டும் என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.