ஒன்பது மணி நேரத் தலைமறைவு

எங்கள் ஆம்பூரில் விசில் ஊதினால் ஓட வேண்டும். காலை எட்டு இருபத்தைந்திலிருந்து ஷூ கம்பெனி வாட்ச்மேன் மஹபூப் பாஷா விட்டு விட்டு ஊதுவார். எட்டரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார். பிறகு அதைத் திறக்க மானேஜர் கையெழுத்து வேண்டும். ஊருக்கே தெரிந்த இந்தச் சட்டம், புதிதாக மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர் சூரியபிரகாஷுக்கு மட்டும் தெரியாது.

அவர் சாலைப் பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டு, கேட்டுக்கு நூறடி முன்னால் நின்றுகொண்டு எட்டு இருபத்தெட்டுக்கு விசில் ஊதினார். அவ்வளவுதான், நாற்பது ஸ்கூட்டியும் ஒரே முறுக்கு. கடைசி ஸ்கூட்டி என் நாத்தனார் சோபனாவுடையது. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு லேட். மூன்றாவது லேட்டுக்கு வேலை போய்விடும். அவள் நுழைந்ததும் கேட் மூடியது. துரத்தி வந்த ஜீப் வெளியே நின்றது.

"போலீஸ்யா! திற!"

"டைம் ஆய்டுச்சு சார். சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் வந்து பிடித்தார்கள். ஸ்டேஷனுக்கு நான் ஓடினேன். புகாரில் கண்டிருந்தது: "மேற்படி பெண் காவல்துறையின் சைகையை மதியாது வாகனத்தில் தப்பியோடி, தொழிற்சாலையினுள் ஒன்பது மணி நேரம் தலைமறைவாக இருந்து, அவ்வமயம் நூற்றிருபது ஜோடி ஷூவுக்குத் தோல் தைத்துள்ளார்."

"தைச்சதும் குத்தமா சார்?"

"பதட்டமே இல்லாம தைச்சிருக்காங்கம்மா. சாதாரண ஆளுங்களுக்கு அது வராது," என்றார் சூரியபிரகாஷ்.

"விசிலுக்கு நின்னா வேலை போய்டும் சார்," என்றாள் சோபனா.

"ஓடினா லைசென்ஸ் போய்டும்."

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் விசில் ஊதினால், கொசு கடித்தாலும் அசைய மாட்டோம். அதை அவருக்கு விளக்கி, இனி எங்கள் குடும்பத்தில் எல்லோரும் விசிலுக்கு நிற்போம் என்று பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மகிழ்ந்தார். மகிழ்ந்துகொண்டே வண்டியையும் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் சோபனாவை என் ஸ்கூட்டியில் ஏற்றிப் போனேன். எட்டு இருபத்தொன்பது. அதே இடம், அதே விசில்.

"அண்ணி, நிறுத்துங்க! எழுதிக் குடுத்திருக்கீங்க!"

"வாயை மூடிக்கினு கெட்டியா புடிச்சுக்கோடி."

உள்ளே பாய்ந்தோம். பின்னாலேயே ஜீப். மஹபூப் பாஷா கடைசி விசிலை ஊதினார். அதைக் கேட்டதும் அந்தக் கிழட்டு ஜீப்புக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, மூடுகிற கேட்டின் இடுக்கில் புகுந்து உள்ளே வந்து நின்றது. கேட் மூடியது.

"புடிச்சாச்சு. கேட்டைத் திற, ஸ்டேஷனுக்குப் போகணும்."

"மானேஜர் கையெழுத்து வேணும் சார். அவர் திருப்பத்தூருக்கு மீட்டிங் போய்ட்டார்."

"இன்னா மீட்டிங்கு?"

"சாலைப் பாதுகாப்பு வாரம் சார்."

இதைக் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர் பெஞ்சில் சூரியபிரகாஷ். விதிப்படி அவர் ஃபோனையும் கேட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். ஐந்தரை வரை இருவரும் தலைமறைவு.

"ஒன்பதுக்கு ஸ்டேஷன்ல ஆஜர் எடுப்பாங்கம்மா," என்றார் மெதுவாக. "லேட்டுன்னு போட்டிருப்பாங்க."

"எத்தனையாவது லேட் சார்?"

டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மூணாவது."