ஊக்கும் உயரத் தொப்பியும்

தொண்ணூறுகளின் கடைசியில் டெக்சஸ் மாநிலத்துத் தமிழ்ப் பெண்களின் சேலை எந்தக் காற்றுக்கும் அசையாமல் நின்றதென்றால், அதற்கு ஒரே காரணம் ஊக்கு.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரவுண்ட் ராக்கில் எங்கள் அபார்ட்மென்ட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சட்டையின் உள்பக்கம் வரிசையாகப் பன்னிரண்டு ஊக்குகளைக் குத்தி வைத்திருப்பான். முந்தானை நழுவினால் ஊக்கு, திரைச்சீலை கிழிந்தால் ஊக்கு, என் பழைய காரின் கூரைத் துணி தலையில் தொங்கியதற்கும் ஊக்கு.

"நம்ம ஊக்கு மட்டும் இல்லைன்னா பொங்கல் ஃபங்ஷனே நடந்திருக்காது" என்றாள் என் மனைவி வசந்தி. அந்த ஃபங்ஷனுக்கு மைக் செட் கொண்டுவந்து, நாற்காலி போட்டு, நாற்பது பேருக்குப் பொங்கலும் வைத்தவன் நான். வயிறு எரிந்தது. சுற்றி வளைப்பானேன், அவன் மேல் எனக்குப் பொறாமை.

அந்த டிசம்பரில் பக்கத்து ஊரில் ஒரு திருவிழா. எல்லோரும் விக்டோரியா மகாராணி காலத்து உடையில் வர வேண்டும். தெரு முழுக்க பிடில் கச்சேரி, பொம்மலாட்டம், குதிரை வண்டி. சாயங்காலம் மேடையில் சிறந்த வேஷத்துக்குப் பரிசு. வசந்தி பார்க்க அந்தப் பரிசை வாங்கியே தீருவது என்று வாடகைக் கடையில் வால் கோட்டு, உயரத் தொப்பி, கைத்தடி எல்லாம் எடுத்தேன். பேன்ட் மட்டும் டெக்சஸ்காரன் அளவு. உள்ளே இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். பேன்ட்டை இழுத்துப் பிடிக்கும் தோள் வார் தாங்கிக்கொள்ளும் என்றார் கடைக்காரர்.

ஊக்கு வேட்டி கட்டி, கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டில் வந்தான். தலையில் சரிகை அங்கவஸ்திரத்தைச் சுற்றி ஊக்கு குத்திய தலைப்பாகை.

"இதென்னடா வேஷம்?" என்றேன்.

"அந்தக் காலத்து ஹெட் கிளார்க்குங்ணா. அந்தம்மா நம்மூரையும்தானுங்களே ஆண்டுச்சு?"

வெள்ளைக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மகாராஜாவா என்று கேட்டார்கள். "நோ மேடம், ஹெட் கிளார்க்" என்றான். மகாராஜாவே வந்திருந்தாலும் அவ்வளவு கூட்டம் கூடியிருக்காது. அவனோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. ஒரு சீமாட்டி சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தாள். தொப்பியைத் தூக்கி வணங்கினேன். தன் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். அதற்கப்புறம் பதினேழு பேருக்கு நான்தான் போட்டோகிராபர். நடுநடுவே, கூட்டத்தில் மிதிபட்டுக் கிழிந்த பெரிய பாவாடைகளுக்கெல்லாம் அவன் ஊக்கு விநியோகம் செய்துகொண்டிருந்தான்.

மேடைக்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் உண்டு, அவனும் உண்டு. பிடிலுக்கு ஏற்ப ஒரு சுற்று ஆடித் தொப்பியைத் தூக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒத்திகையாக ஒரு குதி குதித்தேன். தோள் வார் பட்டென்று அறுந்தது. இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்ணா, வயிறு வலிக்குதுங்களா?" என்று வந்தவன் கீழே பார்த்தான். கோட்டைத் திறந்தான். உள்ளே ஒரு ஊக்குகூட இல்லை. எல்லாம் டெக்சஸ் பாவாடைகளில் இருந்தன. ஒரு விநாடிதான் யோசித்தான். தலைப்பாகையிலிருந்த நான்கு ஊக்குகளையும் உருவி என் இடுப்பில் குத்தினான். அங்கவஸ்திரம் அவிழ்ந்து அவன் தோளில் விழுந்தது.

"டேய், அடுத்து உன்னையும் கூப்பிடுவாங்களேடா!"

"அட போங்ணா. அண்ணி உங்களப் பாக்கத்தான் முன்னாடி வந்து நிக்கிறாங்க."

ஆடினேன். தொப்பியைத் தூக்கினேன். பரிசு, லேஸ் குல்லாய் போட்டு வந்த ஒரு நாய்க்குப் போனது.

"சூப்பரா ஆடினீங்க" என்றாள் வசந்தி. எனக்கு வயிறு குளிர்ந்தது. "ஆமா, நம்ம ஊக்கு ஏன் மேடைக்கு வரலை? வந்திருந்தா நாய்க்கு எங்க கிடைச்சிருக்கும்?"

மறுபடியும் எரிந்தது. ஆனாலும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பிறகு அவனைத் தேடிப் பிடித்து, நான்கு ஊக்குகளையும் கழற்றிக் கொடுத்து, தலைப்பாகையைக் கட்டச் சொன்னேன். எங்கள் கேமராவை வசந்தியிடம் நீட்டினேன்.

"எதுக்குங்ணா?"

"வரிசைல நான் ஒருத்தன் பாக்கி இருக்கேன்ல."

அந்தப் படம் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. என் வலது கை இடுப்பில் இருப்பதை எல்லோரும் ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். அதிலும் அவன்தான் அழகாக இருக்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும்.