கர்ப்பக்கிரகத்தில் ப்ளூடூத்

மனிதரில் ஒரு ரகம் உண்டு. நன்றாக ஓடுகிற எதைப் பார்த்தாலும் அவர்களுக்குக் கை அரிக்கும். "அடிப்படையே தப்பு" என்று நிறுத்தி, பிரித்து, தரையெல்லாம் பரப்பிவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். இவர்கள் கையில் மென்பொருளைக் கொடுத்தால் கேட்க வேண்டுமா?

மதுரை செல்லூரில் தறிச் சத்தத்துக்கு மேலே, மாடியில் சின்னக் கம்பெனி நடத்தும் விஸ்வநாத் இந்த ரகத்தில் அசல். பால் பரிசோதிக்கும் மெஷின், கொழுப்பு அளவைப் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டருக்கு ப்ளூடூத்தில் அனுப்ப வேண்டும். வேலை அம்புட்டுத்தான். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடக்கிறது, தொடுவாரா? "அடுத்தவா எழுதினதா?" என்று எச்சில் இலையைப் பார்ப்பதுபோல் முகம் சுளித்தார்.

தை மாதம், "கெர்னல்தான் கம்ப்யூட்டரோட கர்ப்பக்கிரகம். எல்லாத்தையும் ஆட்டி வைக்கறது அதுதான். ப்ளூடூத்தும் உள்ளதான் இருக்கணும்" என்றார். எழுதினார். ஓடியது. ஓடியதுதான் தப்பாகப் போயிற்று! மாசியில், "உள்ள ஒரு தப்பு நடந்தா மொத்தக் கம்ப்யூட்டரும் படுத்துடும். வெளிப் பிரகாரத்துக்குக் கொண்டுவா" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

கவலையெல்லாம் அவரிடம் வேலை பார்க்கும் தமிழ்ச்செல்விக்குத்தான். உசிலம்பட்டிப் பக்கம் தன் சொந்த ஊர்ப் பால் சங்கத்தில் வாக்குக் கொடுத்து அந்த ஆர்டரைப் பிடித்தவளே அவள்தான். அங்கே பால் ஊற்றுகிற அத்தனை பேரும் மாமன், சித்தப்பன். சொதப்பினால் ஊருக்குள் எந்த முகத்தோடு போவாள்?

வெள்ளோட்டத்தன்று சங்கத்தில் கேன்களோடு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ரெண்டு முழம். திரையில் 'தேடுகிறது' என்று வந்தது. தேடியது. தேடிக்கொண்டே இருந்தது.

"சார், போன மாசம் ஓடுச்சுல்ல, அதையே போட்டு விடுங்க சார்!"

"அதையா? நேத்தே அழிச்சுட்டேனேம்மா. டிசைன் அசிங்கம்!"

சங்கச் செயலாளர் முத்திருளன் பொறுத்துப் பார்த்தார். "பால் திரிஞ்சிரும்த்தா. இம்புட்டுத் தூரத்துக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று மெஷினருகே போய் நின்று, "நாலு புள்ளி ரெண்டேய்!" என்று கத்தினார். மேசையில் கணக்கு பார்க்கும் பாண்டிமீனா அதைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். வரிசை சிரித்துக்கொண்டே நகர்ந்தது. தமிழ்ச்செல்வியின் சித்தப்பா கேனை இறக்கிவைத்து, "ஏத்தா, இதுக்குத்தான் மதுரைக்குப் போயி வேலை பாக்குறியா?" என்றார்.

விஸ்வநாத் வெட்கப்பட்டாரா? அட, நீங்க வேற! திரும்பும் வழியில் செக்கானூரணி தாண்டுமுன்பே, "பாதியை உள்ளயும் பாதியை வெளியிலயும் வெச்சா..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"வண்டிய நிப்பாட்டுங்க சார். நான் பஸ்ஸுல போறேன். நாளைலேர்ந்து வேலைக்கும் வரல" என்று தமிழ்ச்செல்வி இறங்கிக்கொண்டாள். காலி இருக்கையிடம் அவர் மீதியை விளக்கிக்கொண்டே போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை, நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை "லேசாச் சத்தம் வருது" என்று கழற்றிப்போட்டது யார்? உங்கள் வீட்டில் எல்லோரும் இன்னும் காலண்டர் அட்டையால்தான் விசிறிக்கொண்டிருக்கிறார்கள்.