‘அப்பா’ என்று எழுதிய பச்சை பாட்டில்

ஒரு வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருவன் படிக்கப் போனால், அந்தப் படிப்பால் முதலில் அவதிப்படுவது அந்த வீட்டுப் பாத்திரங்கள்தான். எங்கள் வீட்டில் மனிதர்களும் சேர்ந்து அவதிப்பட்டார்கள். அவதிப்படுத்தியவன் நான்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, கொஞ்ச நாளிலேயே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம் அது. நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். (எங்கள் தெருவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ‘பூச்சிப் படிப்பு’ என்பார்கள்.) எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் கூலி வேலைக்குப் போவார்கள். நான் படிக்க வேண்டும் என்பதற்காக அக்கா ஐந்தாவதோடு நின்று அவர்களோடு போனாள். ஆக, எங்கள் வீட்டின் மொத்தப் படிப்பும் என் ஒருவன் மண்டைக்குள் இருந்தது. அது அங்கே சும்மா இருக்கவில்லை.

ஒரு நாள் ஆய்வகத்தில், அவரவர் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்கள். என் சொட்டுக்குள் ஒரு தேர்த் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், என் குடும்பத்தைக் காப்பாற்றுவது என்று.

அம்மா காட்டுக்குக் கொண்டுபோனது ஏதோ கல்யாண வீட்டில் கிடைத்த இரண்டு லிட்டர் கலர் பாட்டில். உள்ளே பச்சையாகப் பாசி. அப்பாவுடையது பிராந்தி பாட்டில். (அப்பா குடிக்க மாட்டார். கண்ணாடியில்தான் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்பது அவர் கட்சி. வரப்பில் நின்று அவர் அண்ணாந்து குடிப்பதை ரோட்டிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!)

“பாசி இருந்தா குளுமைடா” என்றாள் அம்மா.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை அவளுடைய பாட்டிலில் ஊற்றினேன். கிருமி செத்ததோ என்னவோ, பாட்டில் சுட்ட கத்தரிக்காய் போலச் சுருங்கி, இடுப்பு ஒடிந்து சாய்ந்துவிட்டது.

“இதுக்குத்தான் காலேசுக்குப் போறியா?” என்றாள்.

புதிய பாட்டில் வாங்குவதற்கு நான் மூன்று தடவை கடை ஏறி இறங்கினேன். கை உள்ளே போகிற அளவுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும், வெயில் ஊடுருவினால் பாசி பிடிக்கும் என்பதால் நிறம் அடர்த்தியாக இருக்க வேண்டும், மூடியைத் திறந்து முகர்ந்தால் பிளாஸ்டிக் வாடை அடிக்கக் கூடாது. ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் லெப்பைக்குடிக்காட்டு பாய். பொறுமைசாலி. மூன்றாம் தடவை அவரே கேட்டுவிட்டார்.

“ஏன் தம்பி, வாங்கப் போறது பாட்டிலா, பொண்ணா?”

கடைசியில் ஐந்து வாங்கினேன். பச்சை அப்பாவுக்கு, நீலம் அம்மாவுக்கு, ஊதா அக்காவுக்கு, கறுப்பு எனக்கு. சிவப்பு வருகிறவர்களுக்கு. அக்காவின் நகப்பூச்சை எடுத்து ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினேன். சிவப்பில் ‘விருந்தாளி’ என்று எழுதினேன். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

“அண்ணாந்து குடிச்சா எச்சி எங்கடா படும்?” என்று அம்மா கேட்டாள்.

“காத்துல வரும்மா.”

அம்மா காற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

கழுவுவதும் என் பொறுப்புதான். சாம்பல் கூடாது, புளி கூடாது, அரிசியும் கல்லுப்பும் போட்டுக் குலுக்குவது பழைய காலத்து வழக்கம். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மருந்து போடும் அண்ணனிடம் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து வைத்திருந்தேன். எவ்வளவு போட வேண்டும் என்று புத்தகத்தில் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு ஒரு பெரிய தொட்டிக்கு. அதை ஒரு பாட்டிலுக்குச் சுருக்கியதில் எங்கோ ஒரு புள்ளி இடம் மாறியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து அக்காவுக்குப் பூ வைக்க வந்தார்கள். ஆண்டிமடத்துப் பக்கம், முந்திரிக் காட்டு வேலை செய்யும் எங்கள் சனம்தான். மாப்பிள்ளை ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார், அவருக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்கும் பிடித்திருந்தது. (அவள் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக என் சட்டைகளைக்கூடப் பாடிக்கொண்டே துவைத்தாள்.) அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அம்மா தாங்க மாட்டாள் என்று எனக்கே தெரியும். அதனால்தான் அன்று காலையில் பாட்டில்களை விசேஷமாகக் கழுவினேன். பவுடர் இரண்டு மடங்கு. அலசுவதற்குத் தண்ணீர் போதவில்லை, ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன்.

பங்குனி வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார் மாப்பிள்ளையின் அப்பா கலியபெருமாள். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்ததும் பக்கத்து மாடத்தில் இருந்த பச்சை பாட்டிலை எடுத்தார். அண்ணாந்து, உதடு படாமல், மூன்று மடக்கு குடித்தார்.

“ஐயையோ மாமா! அது எங்களுதுங்க! உங்களுக்குத் தனியா வச்சிருக்கேன்!”

சொன்னது நான்தான். சொன்னதோடு விடாமல் ஓடிப்போய், ‘விருந்தாளி’ என்று எழுதிய சிவப்பு பாட்டிலையும் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் பச்சை பாட்டிலைக் கீழே வைத்தார்.

“தனியாவா?” என்றார் கலியபெருமாள் மாமா. குரலை உயர்த்தவில்லை. “எங்க ஊரு டீக்கடையிலயும் எனக்குத் தனியாத்தான் தம்பி வச்சிருந்தாங்க. குடிச்சுட்டு, நானே கழுவி, நானே கவுத்து வச்சுட்டு வரணும்.”

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. என் அம்மா பல வருஷம் பம்புசெட்டடியில் குனிந்து நின்று, மேலேயிருந்து ஊற்றப்பட்ட தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தவள். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபக்காரன்தான் நகப்பூச்சால் பெயர் எழுதிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“இல்லீங்க மாமா… கிருமிக்காகத்தாங்க…”

“எங்க வாயிலயா கிருமி?”

“எல்லாரு வாயிலயும் இருக்குங்க. உங்க வாயில மட்டும்னு சொல்ல முடியாதுங்க. மைக்ராஸ்கோப்புல பாத்தா…”

கூட வந்திருந்த அவருடைய பங்காளி ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “கவர்மெண்டே பிரிச்ச மாவட்டத்தச் சேத்துருச்சு. இவுங்க சேர வேண்டிய நேரத்துல பாட்டிலப் பிரிக்கிறாங்க. எந்திரிங்கண்ணே, போவோம்.”

அப்பா பதறி எழுந்து நின்றார். உள் கதவோரம் பட்டுப்புடவையில் அக்கா நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவின் நாதாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

கலியபெருமாள் மாமா எழுந்திருக்கவில்லை. பச்சை பாட்டிலை மறுபடி எடுத்தார். இந்த முறை உதட்டை நன்றாகப் பதித்து ஒரு மடக்கு குடித்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

“இப்பக் குடி.”

நான் வாங்கிக்கொண்டேன். வாங்கினேன்தான். ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பாட்டிலின் வாயைப் பார்த்தேன். நுண்ணோக்கியில் பார்த்த திருவிழா கண்ணுக்குள் வந்துபோனது. கிருமிக்குப் பயந்து தயங்கினேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். என்ன பிரயோஜனம்? தயக்கத்தின் காரணம் தயங்குகிறவனுக்குத்தான் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது தயக்கம் மட்டும்தான். அந்த மாதிரித் தயக்கத்தை அவர் எத்தனை முகத்தில் பார்த்திருப்பாரோ. அவர் கண் அதை அளந்ததை நான் பார்த்தேன்.

அவசரமாக உதட்டில் வைத்து, ஒரே மூச்சில் கவிழ்த்தேன்.

பிளீச்சிங் நெடி மூக்கு வழியாக மூளைக்கு ஏறியது. கண் எரிந்தது, தொண்டை மறுத்தது. குடித்த அத்தனையையும் சம்பந்தியாக வேண்டியவரின் சலவை வேட்டி மேல் துப்பினேன்.

இதற்குமேல் ஒரு கல்யாணத்தை எப்படிக் கெடுப்பது என்று எந்தப் பகையாளிக்கும் தெரியாது.

பங்காளி, “பாத்தீங்களாண்ணே!” என்று எழுந்தேவிட்டார். கலியபெருமாள் மாமா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். இருமிக்கொண்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். பாட்டிலை வாங்கி முகர்ந்தார்.

“ஏன் தம்பி, எனக்கு மட்டுந்தான் நாறுதுன்னு நெனச்சேன். உனக்குமா?”

நான் தலையாட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. (பாதி பிளீச்சிங், பாதி நிஜம்.)

“வந்த வூட்டுல தண்ணியக் கொற சொல்லக் கூடாதுன்னு நாலு மடக்கு முழுங்கிட்டேன்யா! இதையா தெனமும் குடிக்கிறீங்க?”

அம்மாவுக்கு அங்கே மடை உடைந்தது. “பத்து நாளாண்ணே! பத்து நாளாக் குடிக்கிறோம்! வாயத் தொறந்தா, ‘உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு’ங்குது இந்தப் படிச்ச புள்ள. கொழம்புகூட எனக்கு ருசி தெரியலண்ணே!”

“நான் காட்டுக்குப் போனதும் கீழ ஊத்திருவேன்” என்றார் அப்பா மெதுவாக. அது எனக்குப் புதிய செய்தி.

“அப்ப எனக்கு மட்டும் ஏன்யா சொல்லல?” என்று அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

முதலில் சிரித்தது பங்காளிதான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு கலியபெருமாள் மாமா. வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். “கிருமிய ஒழிச்சுட்டான்யா. மனுசன் மட்டுந்தான் பாக்கி.”

சிரித்து ஓய்ந்ததும், “பொண்ணு கையால நல்ல தண்ணி குடுக்கச் சொல்லுங்க” என்றார். அக்கா பானையிலிருந்து ஒரே ஒரு சொம்பில் மொண்டு வந்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல யாரு பேரும்மா எழுதியிருக்கு?” என்றார்.

“எழுதுனவன் கைய ஒடச்சுட்டேன் மாமா” என்றாள் அக்கா. அவள் அந்த வீட்டுக்கு மருமகளானது அந்தப் பதிலால்தான் என்று அவர் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறார். அன்றே பூ வைத்தார்கள்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எத்தனையோ வாக்கியம் தயார் செய்தேன், எல்லாம் புத்தகத் தமிழில் வந்தது. அவரும் என் தயக்கத்தைப் பற்றிப் பேசியதில்லை.

அதற்குப் பதில் ஒன்று செய்கிறார். ஆண்டிமடத்தில் அக்கா வீட்டுக்கு நான் எப்போது போனாலும், அவர் குடித்துக்கொண்டிருக்கிற சொம்பைத்தான் என்னிடம் நீட்டுவார். நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி, “ஒண்ணு…” என்று எண்ண ஆரம்பிப்பார். அக்கா பிள்ளைகள் இரண்டும் எங்கிருந்தாலும் ஓடிவந்து, “ஒண்ணேகாலு… ஒண்ணரை…” என்று கூடச் சேர்ந்து கத்தும்.

இத்தனை வருஷத்தில் அவரை ஒரு தடவைகூட இரண்டு வரைக்கும் எண்ண விட்டதில்லை.