சிறுத்தைக்கு வந்த ரிப்போர்ட்

ஒரு காட்டில் டி.என்.ஏ. வாசிக்கும் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. ஆடுகள்தான் மனுப்போட்டு வரவழைத்தன. போன மாதம் ஆட்டுத்தோல் போர்த்திய செந்நாய் ஒன்று அவற்றின் பட்டிக்குள் புகுந்து, மூன்று ஆட்டைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. இனி ரிப்போர்ட்டில் 'ஆடு' என்று இருந்தால்தான் பட்டிக்குள் இடம்.

மெஷினை ஓட்டியது ஒரு மரநாய். மெஷின் ரத்தத்திலிருந்து இழையை எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி வாசிக்கும். பிறகு அந்தத் துண்டுகளை ஒரு மாதிரிப் பிரதியோடு ஒப்பிட்டு வரிசையாக அடுக்கும். மாதிரிப் பிரதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஓர் ஆட்டினுடையது. முதல் நாள் ஊசிக்குப் பயப்படாமல் நின்றது அது மட்டும்தான்.

ஒருநாள் சிறுத்தை வந்து காலை நீட்டியது. மறுநாள் ரிப்போர்ட் வந்தது: "ஆடு. பிழைகள் ஏராளம்."

இரண்டு குட்டிகளோடு பட்டியில் இருந்த செவலை என்ற வெள்ளாடு ஓடிவந்தது.

"ஏன்யா, அது மூஞ்சியைப் பாத்தா ஆடு மாதிரியா இருக்கு?"

"மூஞ்சியெல்லாம் மெஷின் பாக்காதும்மா. துண்டு பொருந்துதான்னுதான் பாக்கும்" என்றது மரநாய்.

"பொருந்தாத துண்டு?"

"குப்பையில போட்டுருவோம்."

"அதுலதான்யா பல்லு இருந்திருக்கும்!"

"எழுத்துல குடுங்க. பாக்கலாம்."

அன்று சாயங்காலமே சிறுத்தை பட்டிக்குள் வந்தது. நேராகச் செவலையின் குட்டிகளிடம் போய் வாயைத் திறந்தது. செவலை குறுக்கே நின்றது.

"அண்ணே, ரிப்போர்ட்டை ஒருதரம் படிங்க. நீங்க ஆடு. சொந்த இனத்தைத் தின்னா வாசல்ல நிக்கிற யானை மிதிச்சிரும். சட்டம்."

சிறுத்தை படித்தது. வாயை மூடிக்கொண்டது.

சேதி பரவியது. மான், முயல், காட்டுப்பன்றி எல்லாம் விடியுமுன் வரிசையில் நின்று ரிப்போர்ட் வாங்கின. எல்லாமே ஆடு.

சிறுத்தை நாலு நாள் புல் தின்றது. ஐந்தாம் நாள் மரநாயிடம் போனது.

"தம்பி, என்னைச் சிறுத்தைன்னு மாத்திக் குடு."

"எத்தனை தடவை எடுத்தாலும் ஆடுதாண்ணே வரும். நம்மகிட்ட இருக்கிற பிரதி அப்படி."

"சரி. உன் ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு?"

"எனக்கெதுக்குண்ணே? நான் ஆபரேட்டர்."

சிறுத்தை பட்டி வாசலில் நின்ற யானையைத் திரும்பிப் பார்த்தது. யானை யோசித்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டியது. சட்டத்துக்கு ஒரு குறையும் வராமல் சிறுத்தை சாப்பிட்டு முடித்தது.

மெஷினை ஓட்ட ஆளில்லாததால் சிறுத்தை இன்றுவரை ஆடாகவே இருக்கிறது. குளிர் அடித்தால் செவலையின் குட்டிகள் அதன் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன.

நீதி: ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதுகிறவர், முதலில் தன்னை ஆடு என்று எழுதிக்கொள்வது நல்லது.