பரோட்டாப் பந்தயம்

கல்யாணமாகி இருபது வருஷம். இந்த இருபது வருஷத்தில் என் பெண்டாட்டி இசக்கிச்செல்வியோடு நான் போட்ட பந்தயம் பதினொன்று. ஜெயித்தது ஒன்றே ஒன்று. அந்த வெற்றியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தோற்ற பத்தையும் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று விடாமல் சொல்வாள்.

என் பெயர் சுடலைராஜ். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பம்புசெட்டு மோட்டார் விற்கிற கடையில் பில் போடுகிறேன். மேலப்பாளையத்தை ஒட்டி ஒரு காம்பவுண்டில் குடியிருப்பு. ஒரே மகள் சுகன்யா மதுரையில் நர்சிங் படிக்கிறாள். என் சம்பளத்தில் ஒரு பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கிறது, யார் முன்னாலும் கை நீட்டாமல் குடும்பம் நடக்கிறது என்றால், அது முழுக்கச் செல்வியின் கைவண்ணம். எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். ஆனால் அந்தக் கைவண்ணத்தை மூன்று வேளையும் உட்கார்ந்து தின்கிறவன் நான். அதையும் சொல்லணுமில்லையா?

எங்கள் வீட்டில் பீர்க்கங்காய் வாங்கினால் உள்ளே இருப்பது கூட்டு, தொலி துவையல். தர்ப்பூசணி வாங்கினால் சிவப்பு சாயந்தரத்துக்கு, வெள்ளை மறுநாள் குழம்புக்கு. வாழைத்தார் வெட்டுகிற வீடு எங்கேயிருந்தாலும் தண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். அதைக்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

ஊர் சுற்றுவதும் அப்படித்தான். பாபநாசம் போகணும் என்றால் நேர் பஸ் உண்டு. செல்வி ஏற மாட்டாள். டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே! மூன்று டவுன் பஸ் மாறி மாறிப் போவோம். கண்டக்டர் வந்ததும் என்னைக் கை காட்டுவாள். "அவுகளுக்கு மட்டும் ஒண்ணு குடுங்க. எங்க வீட்டுல செலவு வைக்கது அவுக ஒராளுதான்."

இந்த நிலைமையில்தான், கல்யாண நாளுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, நான் பொங்கி எழுந்தேன்.

"ஏட்டி செல்வி, இந்தக் கல்யாண நாளுக்காவது ஒரு நல்ல ஓட்டலுக்குப் போவோம். பரோட்டா, சால்னா, வறுத்த கோழி."

"ஏன், இங்கன என்ன கொறச்சலு?"

"கொறச்சலே இல்ல. அதான் பிரச்சின. தொலியக்கூட விட மாட்டேங்கியே!"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முறத்தைக் கீழே வைத்தால் நான் இரண்டடி பின்னால் போவது வழக்கம்.

"சரி, ஒரு பந்தயம். ஒரு மாசம் நான் குடுத்துவிடுத டப்பாவ மொகஞ்சுளிக்காமச் சாப்பிடணும். வெளிய ஒரு வடையத் தொடக் கூடாது. டப்பா காலியா வரணும். சாயந்தரம் என்ன இருந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு வாய் நெறையச் சொல்லணும். செஞ்சியன்னா நீங்க சொல்லுத ஓட்டலு."

"தோத்தா?"

"ஆயுசுக்கும் ஓட்டல்னு பேச்சே எடுக்கக் கூடாது."

ஆயுசுக்கும்! எனக்கு நாற்பத்தாறு வயசு. எங்கள் வம்சத்தில் எல்லோரும் எண்பதைத் தாண்டுகிறவர்கள். முப்பத்து நாலு வருஷம் பரோட்டா இல்லாமல் எப்படி? ஆனாலும் ஆம்பிளை இல்லையா? சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் குடோனில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். சோறு, மோர், கானத் துவையல். கானம் என்றால் கொள்ளு. குதிரைக்குப் போடுகிற சாமான் என்று நான் இருபது வருஷமாக ஒதுக்கி வைத்தது. பந்தயம் போட்டதும் அவள் கை நேராக அந்த டின்னுக்குத்தான் போயிருக்கிறது!

பக்கத்தில் முகம்மது இப்ராஹிம் பாய் உட்கார்ந்திருந்தார். அதே கடையில் ஸ்டோர் பார்க்கிறவர். எங்கள் காம்பவுண்டில் அடுத்த வீடு. அவரும் தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். உள்ளே தேங்காய்ச் சோறு, காய்ந்த சூரை மீனை இடித்துச் செய்த மாசிச் சம்பல். எனக்கு நாக்கில் தண்ணி.

"என்ன பாய், இதுக்கா மூச்சு விடுதிய?"

"நமக்குக் கல்யாணமான நாள்லேருந்து மாசி வே. மாசிய விட்டா தேங்கா, தேங்காய விட்டா மாசி. அது கெடக்கட்டும், உம்ம டப்பாவுல என்ன வாசம்? தூக்குதே!"

நான் அவர் டப்பாவைப் பார்த்தேன். அவர் என் டப்பாவைப் பார்த்தார். பேச்சு வார்த்தை ஒன்றும் நடக்கவில்லை. டப்பா இரண்டும் இடம் மாறிவிட்டன.

மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. 'டப்பா காலியா வரணும்' என்றுதானே சொன்னாள், வரத்தான் போகிறது என்று ஒரு சமாதானம். மிச்ச உறுத்தலை மாசிச் சம்பல் அமுக்கிவிட்டது.

சாயந்தரம் அறிக்கை கொடுக்கணுமே! பஸ் ஸ்டாப்பில் பாய் எனக்குப் பாடம் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ஒப்பித்தேன்.

"செல்வி, கானம் நல்லா வறுபட்டிருந்துச்சு. பூண்டு அளவா இருந்துச்சு. வத்தல் மட்டும் ஒண்ணு தூக்கல்."

"அட! பரவால்லையே, நாக்கு வேல செய்யுதே!" என்றாள்.

இப்படியே நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள்தான் ஒரு தப்பு நடந்துவிட்டது. எங்கள் பக்கம் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால், பெயர் வெட்டாமல் கடையை விட்டு வெளியே கொண்டு வர மாட்டார்கள். எங்கள் டப்பாவிலும் மூடியிலும் 'இ.செ.' என்று வெட்டியிருக்கும். பாய் வீட்டு டப்பாவில் அவர் பெண்டாட்டி மைதீன் பாத்திமா பெயரில் 'மை.பா.'. அன்றைக்குக் கழுவுகிற அவசரத்தில் மூடியை மாற்றிப் போட்டுவிட்டோம். மறுநாள் காலையில் பார்க்கிறேன், எங்கள் அடுப்படி மேடையில் 'மை.பா.' மூடி வெயிலில் மின்னுகிறது! செல்வி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். பைய எடுத்துப் பைக்குள் போட்டு, கடையில் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம்டா சாமி என்று வழியில் பிள்ளையாருக்கு ஒரு சூடம் பொருத்தினேன்.

பிள்ளையார் கைமேல் பலன் கொடுத்தார். அன்றையிலிருந்து பாய் வீட்டு டப்பாவில் ருசி எங்கேயோ உசரத்துக்குப் போய்விட்டது! மாசியைக் காணோம். ஒருநாள் கூட்டாஞ்சோறு. ஒருநாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். ஒருநாள் முருங்கைக்கீரை பிரட்டல். ஒருநாள் திறக்கிறேன், கானத் துவையல். பாத்திமா அக்கா வீட்டிலுமா என்று யோசித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தேன். அடடா! குதிரைகள் எல்லாம் விவரம் தெரிந்த பிராணிகள்! அது பாட்டுக்கு உள்ளே இறங்கியது. விரலைச் சப்பினேன். டப்பாவின் மூலையை வழித்தேன்.

"பாய், சமையல ஒங்க வீட்டுல அவுகட்டதான் படிக்கணும். எங்க வீட்டுலயும் இதே கானம்தான் அரைக்கா. இந்த ருசி வருமா?"

"நீரு ஒண்ணு! உம்ம வீட்டுல தேங்காய்ச் சோறு என்ன பதம் வே! உதிரி உதிரியா! எனக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருவத்தஞ்சு வருசமா ஆக்குதா..."

எனக்கு ஆச்சரியம். செல்வி தேங்காய்ச் சோறு செய்கிறாளா? அவள் மனசார உடைக்கிற தேங்காய் கோயிலில் மட்டும்தான். சரி, தினமும் வாய் நிறையப் பாராட்டியதில் பெண்டாட்டி திருந்திவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. அன்றைக்குச் சாயந்தரம் தேங்காய்ச் சோற்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். செல்வி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். அவள் உதடு ஒரு மாதிரி துடித்தது. சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாசம் முடிந்தது. செல்வி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஜெயிச்சிட்டிய. நான் ஒத்துக்கிடுதேன். ஞாயித்துக்கெழம எந்த ஓட்டலுக்குன்னு சொல்லுங்க."

எனக்குத் தலை கால் புரியவில்லை. பரோட்டாவுக்கு வாயைத் திறக்கப் போனேன். அவள் விடவில்லை.

"ஒண்ணு சொல்லணும். பாத்திமா அக்கா, நம்ம கல்யாண நாளுக்குத் தன் கையால ஆக்கித் தாறேங்காக. பாபநாசத்துக்குக் கட்டிக்கிட்டு நாலு பேருமாப் போவமான்னு கேட்டாக. நாந்தான், இல்லக்கா, அவுக ஓட்டலுக்கு ஆசப்படுதாகன்னு சொல்லிட்டேன்."

"என்ன ஆக்குதேன்னாக?"

"கூட்டாஞ்சோறாம். கானத் துவையலாம். நமக்கு எதுக்கு? நீங்க ஓட்டலச் சொல்லுங்க."

மனசுக்குள் ஒரு பக்கம் பரோட்டா, ஒரு பக்கம் பாத்திமா அக்காவின் கானத் துவையல். ஒரு மாசம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தொண்டையைச் செருமினேன்.

"அவுக ஆசையாக் கேக்கும்போது முடியாதுங்கது மரியாதையா இருக்காது செல்வி. ஓட்டல் கெடக்கட்டும்."

"ஒங்க இஷ்டம்," என்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையல் எங்கள் அடுப்படியில். பெரிய பாத்திரம் எங்களிடம்தான் இருக்கிறது என்றார்கள். என்னையும் பாயையும் வாழை இலை வாங்க விரட்டிவிட்டார்கள். அப்புறம் மூன்று டவுன் பஸ். அம்பாசமுத்திரம் தாண்டியதும் வயலும் மலையும் வந்தன. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. பாபநாசம் படித்துறையில் தண்ணி கண்ணாடி. நானும் பாயும் ஒரு மணி நேரம் முங்கிக் குளித்தோம். கரையேறும்போது இலை போட்டு ரெடி.

சாப்பிட்டேன் பாருங்கள், அது சாப்பாடு! கூட்டாஞ்சோறு நான்கு தடவை வாங்கினேன். பாய் தேங்காய்ச் சோற்றை மட்டும் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டார். பெண்கள் இரண்டு பேரும் பேருக்கு ஒரு கை போட்டுக்கொண்டார்கள். எனக்கு மனசு நிறைந்து போய்ச் சொன்னேன்.

"அக்கா, ஒங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணும்."

"போடுங்க தம்பி. ஆனா அந்தக் கை அங்கன இருக்கு," என்று பாத்திமா அக்கா செல்வியைக் காட்டினார்கள்.

"தங்கச்சி, ஒங்க தேங்காய்ச் சோத்துக்கும்..." என்று பாய் ஆரம்பித்தார்.

"அது இவுக," என்றாள் செல்வி.

பாய்க்குப் புரை ஏறியது. செல்வி அவருக்குத் தண்ணி கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மூடிய மாத்திக் கொண்டாந்தியளே, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. நேரா அக்காட்டப் போய்க் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் கடையில டப்பாவ மாத்துதிய. அதனால நாங்க காலையிலேயே சோத்த மாத்திட்டோம். எஞ்சோறு அவுக டப்பாவுல, அவுக சோறு என் டப்பாவுல. நீங்க மறுபடி மாத்துனா என்ன ஆகும்?"

என்ன ஆகும்? இருபத்தைந்து நாளாக நான் தின்றது என் பெண்டாட்டி சமைத்தது. அவர் தின்றது அவர் பெண்டாட்டி சமைத்தது.

"மாசி போட்டா மாட்டிக்கிடுவோம்னு நானும் போடல," என்றார்கள் பாத்திமா அக்கா. "இருவத்தஞ்சு வருசமா நான் கேக்காத பாராட்டு தம்பி. செல்வி தெனமும் வந்து ஒப்பிப்பா. கண்ணுல தண்ணியே வந்துட்டு."

கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. இவ்வளவு ருசியை இருபது வருஷமாக வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு டப்பாவில் தேடியிருக்கிறேனே! பெயர் தெரியாமல் தின்றபோது சொர்க்கம், பெயர் தெரிந்தபோது குதிரைத் தீனி. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"செல்வி, நீ எனக்குக் கெடச்சது எங்க அப்பா அம்மா செஞ்ச புண்ணியம்ட்டி. சத்தியமாச் சொல்லுதேன். இந்தப் பந்தயத்துல நான் தோத்துட்டேன். இனி ஆயுசுக்கும் ஓட்டல் பேச்சு கெடையாது."

அவள் கண் லேசாகக் கலங்கியது. "போதும், போதும். படித்துறையில வாங்குன பொரிய எடுத்து மீனுக்குப் போடுங்க," என்றாள். அவளும் ஒரு கை அள்ளித் தண்ணியில் வீசினாள். பிறகு சொன்னாள்.

"நீங்க தோக்கலியே. மொத அஞ்சு நாள விட்டுத்தள்ளுங்க, பாவம். மிச்ச நாளெல்லாம் எஞ்சோத்தத்தான மொகஞ்சுளிக்காமச் சாப்பிட்டிய? டப்பா காலியாத்தான வந்துச்சு? நீங்கதான் ஜெயிச்சிய. நான் வாக்கு மாற மாட்டேன்."

"அப்படின்னா?"

"போற வழியில அம்பாசமுத்திரத்துல எறங்குவோம். ஓட்டலுக்குத்தான்."

இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்? அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது மணி நாலு. பரோட்டாக் கல் அப்போதுதான் சூடேறியிருந்தது. வீச்சுக்கு வீச்சு மாவு பறக்கிறது. சால்னா வாசம் தெருமுனை வரை வருகிறது. நாலு பேரும் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெல்ட்டில் கடைசி ஓட்டைக்குப் போய்விட்டேன், அதுவும் இறுக்குகிறது. கூட்டாஞ்சோறு கழுத்துவரை நிற்கிறது. பாயைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

செல்வியும் பாத்திமா அக்காவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இலையில் தண்ணி தெளித்தார்கள். ஆளுக்கு மூன்று பரோட்டா, ஒரு வறுத்த கோழி. பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, பிசைந்து அடித்தார்கள்.

"அண்ணாச்சிமாருக்கு என்ன?" என்று பரிமாறுகிறவர் எங்களைக் கேட்டார்.

கோழிக்காலைக் கையில் பிடித்தபடியே செல்வி சொன்னாள்: "அவுக ரெண்டு பேரும் வீட்டுச் சாப்பாட்டுக்காரவுக. ஆளுக்கு ஒரு தம்ளர் வெந்நீர் மட்டும் குடுங்க."